கார்த்திகை மழையில் கொப்புளிக்கும் பெல்ட்: குற்றம் காலண்டரிலா, கான்வாஸிலா?

கோட்டையூர் தரம் | கார்த்திகை 10

வணக்கம். கோட்டையூர்ப் பக்கம் ஒரு சிறு தொழிற்கூடத்தில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். புதுவயல் அரிசி ஆலைகளில் நெல் தூக்கும் எலிவேட்டருக்கு வாளி பெல்ட்டும், இன்னும் பழைய ஷாஃப்ட் ஓடும் ஆலைகளுக்குத் தட்டை பெல்ட்டும் செய்கிறோம். 32 அவுன்ஸ் எடைப் பருத்திக் கான்வாஸ், இயற்கை ரப்பர் காம்பவுண்டு (கலவை), ரப்பரை அழுத்தித் துணியில் ஏற்றும் மூன்று உருளைக் காலண்டர் எந்திரம். கான்வாஸின் இருபுறமும் பிரிக்ஷன் கொடுத்து (ரப்பரைத் துணிக்குள் தேய்த்து இறக்கி), அதன்மேல் மெல்லிய ரப்பர்த் தாளான ஸ்கிம் ஏற்றி, அப்படிப் பூசிய துணியை நான்கு பிளையாக அடுக்கி, அழுத்தும் பிரஸ்ஸில் 145 டிகிரியில் க்யூர் செய்கிறோம், அதாவது சூட்டில் ரப்பரை இறுக வைக்கிறோம்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து இரண்டு தொல்லைகள். பிரஸ்ஸைத் திறந்தவுடன் சில பெல்ட்டுகளில் கொப்புளம் எழுகிறது. கட்டைவிரல் நகத்தளவு முதல் உள்ளங்கை அளவு வரை. இது முதலாவது. கொப்புளமே இல்லாமல் வெளியே போன ஒரு பெல்ட் மூன்றே வாரத்தில் பிளை பிரிந்து திரும்பி வந்தது இரண்டாவது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வாழைப்பட்டை உரிவது போல உரிகிறது.

முதலாளி முடிவு செய்துவிட்டார். காலண்டர் ஓட்டுபவருக்கு வயதாகிவிட்டது, உருளைச் சூட்டைக் கவனிப்பதில்லை, தை பிறந்ததும் வேறு ஆள் பார்ப்போம் என்கிறார். அவர் பத்தொன்பது ஆண்டுகளாக அந்த எந்திரத்தின் முன் நிற்பவர். அவர் கையில் குற்றம் இல்லை என்று என் மனம் சொல்கிறது. ஆனால் என் மனம் சொல்வதைக் காட்டி ஒருவருடைய பிழைப்பைக் காப்பாற்ற முடியாது. எனக்கு ஆதாரம் வேண்டும்.

எங்களிடம் ரப்பரின் பாகுத்தன்மையை அளக்கும் மூனி எந்திரம் இல்லை. இருப்பது ஷோர் கடினமானி, மைக்ரோமீட்டர், ஒரு சிறு மின் அடுப்பு, ஒரு தராசு. இவற்றை வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது?

மூத்த உருளை | கார்த்திகை 10

தம்பி, முப்பத்தொரு ஆண்டுகள் காலண்டர் முன் நின்று ஓய்வு பெற்றவன் நான். இப்போது தேவகோட்டையில் இருக்கிறேன். காலண்டர் என்பது ரப்பர் தொழிலின் மிகப் பழைய எந்திரங்களில் ஒன்று. 1836-இல் அமெரிக்காவில் எட்வின் சாஃபி அதற்குக் காப்புரிமை வாங்கியபோது ரப்பரை வல்கனைஸ் செய்யவே, அதாவது கந்தகம் சேர்த்துச் சூட்டில் வலுவாக்கவே, யாருக்கும் தெரியாது. அன்று தொட்டு அதன் குணம் மாறவில்லை. சூடு, வேகம், அழுத்தம் மூன்றும் ஒத்துப்போனால்தான் அது கீழ்ப்படியும்.

சில கேள்விகள். பிரிக்ஷன் ஓட்டும்போது நடு உருளைக்கும் கீழ் உருளைக்கும் வேக வேறுபாடு எவ்வளவு? ரப்பரைச் சுமக்கும் நடு உருளை வேகமாகவும், துணியைச் சுமக்கும் கீழ் உருளை மெதுவாகவும் சுற்ற வேண்டும். ஒன்றரைக்கு ஒன்று என்பது நான் பழகிய கணக்கு. அந்த வழுக்கலில்தான் ரப்பர் துணியின் கண்ணுக்குள் தேய்ந்து இறங்கும். யாராவது பல்சக்கரத்தை மாற்றிச் சம வேகத்தில் ஓட்டினால் ரப்பர் மேலே அப்பிக்கொள்ளுமே தவிர, உள்ளே போகாது. ஸ்கிம் ஏற்றத்தான் சம வேகம்.

அடுத்தது பேங்க். உருளைகளுக்கு இடையே உருண்டுகொண்டிருக்கும் ரப்பர் குவியல் பென்சில் பருமனில் அமைதியாக உருள வேண்டும். புடைத்துக் குமுறினால் காற்றை விழுங்கும், அந்தக் காற்று தாளுக்குள் கொப்புளமாக நிற்கும். ரப்பர் சூடு ஆறி வந்தால் தாளில் காக்கைக்கால் போலக் கோடு விழும். உங்கள் ஸ்கிம்மில் அது தெரிகிறதா?

என் ஊகம் காம்பவுண்டின் மேல் போகிறது. கந்தகம் பூத்திருக்கும், அதாவது ரப்பரின் மேலே வந்து படிந்திருக்கும். பாருங்கள்.

புதுவயல் அரவை | கார்த்திகை 11

நான் வாங்கும் பக்கத்து ஆள். உங்கள் பெல்ட்டா, வேறு யாருடையதா என்று தெரியாது. சென்ற மாதம் என் ஆலையிலும் ஒரு வாளி பெல்ட் பிரிந்தது. நெல் அவித்துக் காய்வதற்கு ஏறும் எலிவேட்டர் அது. பெல்ட் பிரிந்து வாளி சரிந்து, அடியில் பூட் எனும் தொட்டி முழுக்க நெல் அடைத்து, ஒரு நாள் முழுவதும் ஆலை நின்றது. அவித்த நெல் ஒரு நாள் தேங்கினால் என்ன வாடை வரும் என்பது ஆலைக்காரனுக்குத்தான் தெரியும்.

செய்பவர்கள் உடனே சொல்வது, "சூடான ஈர நெல்லைத் தூக்குகிறீர்கள், போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டது" என்பது. அதே ஈர நெல்லை இதற்கு முந்திய பெல்ட் நான்கு ஆண்டுகள் தூக்கியதே? அதற்கு மட்டும் போல்ட் துளை இல்லையா? இதற்கு விடை சொல்லிவிட்டு என் நெல்லைக் குறை சொல்லுங்கள்.

ஆய்வுக்கூடம் மதுரை | கார்த்திகை 11

பாலிமர் ஆய்வகம் ஒன்றில் வேதியியலாளராக இருக்கிறேன். யாரும் இப்போதைக்கு ஊகிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரிந்த பெல்ட் உங்கள் கையில் இருக்கிறது. எங்கே, எப்படிப் பிரிந்தது என்பது அதன் முகத்திலேயே எழுதியிருக்கும். நல்ல வெளிச்சத்தில் கைக்கண்ணாடி வைத்துப் படியுங்கள்.

உரித்த இரண்டு முகங்களிலும் ரப்பர் ஒட்டியிருந்தால் ரப்பரே கிழிந்திருக்கிறது. பிடிப்பு நன்றாக இருந்து, ரப்பரின் வலுதான் குறைவு என்று பொருள். க்யூர் போதவில்லை, அல்லது காம்பவுண்டில் எடைப் பிழை. ஒரு முகத்தில் துணி வெள்ளையாக, நெசவுக் கண் தெரியச் சுத்தமாக இருந்தால் பிரிக்ஷன் ரப்பர் துணிக்குள் போகவே இல்லை. ரப்பருக்கும் ரப்பருக்கும் இடையே வழவழப்பாகப் பிரிந்திருந்தால் அடுக்கும்போது அந்த இரு முகங்களும் ஒன்றையொன்று பற்றவில்லை. கந்தகப் பூப்பு, தூசி, டால்க், ஈரம் இவற்றில் ஒன்று.

கொப்புளத்தையும் அறுத்துப் பாருங்கள். உட்புறம் கண்ணாடி போலப் பளபளத்தால் அந்த இடத்தில் க்யூருக்கு முன்பே வாயு நின்றிருக்கிறது. சொரசொரப்பாக, பிய்த்தது போல இருந்தால் க்யூர் ஆன பிறகு ஏதோ உள்ளிருந்து தள்ளிப் பிளந்திருக்கிறது.

அரவை அண்ணன் கேட்டதும் நியாயம். பருத்தி திரி போல ஈரத்தை இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் போல்ட் துளையிலிருந்து தொடங்கிய பிரிவு துளையைச் சுற்றி வளையமாகப் பரவும், அங்கே துணி கறுத்து மட்கியிருக்கும். பெல்ட்டின் நடுவில், துளையே இல்லாத இடத்தில் சுத்தமாகப் பிரிந்தால் ஆலையின் ஈரத்தைக் குறை சொல்ல வழியில்லை.

கோட்டையூர் தரம் | கார்த்திகை 12

இன்று காலை முழுவதும் இதே வேலை. மிக்க நன்றி. மூத்த உருளை ஐயாவுக்கு முதலில் ஒன்று: நான் தம்பி அல்ல, பெண். ஐயாவின் கேள்விகளுக்கு விடை: பல்சக்கரம் மாறவில்லை, விகிதம் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. பேங்க் அமைதியாகத்தான் உருள்கிறது. காக்கைக்கால் இல்லை.

திரும்பி வந்த பெல்ட்டில் பிரிந்த இடமெல்லாம் துணி வெள்ளை. நெசவுக் கண்ணை எண்ணலாம். போல்ட் துளைக்குச் சம்பந்தமே இல்லாமல் நடுவில் ஒரு முழம் நீளத்துக்கு அப்படி இருக்கிறது. அந்த ஆலைக்காரரிடம் இன்றே பேசி, குறை எங்களுடையது என்று சொல்லிவிட்டேன்.

கொப்புளங்கள் ஆறு அறுத்தேன். ஐந்தில் சொரசொரப்பு, ஒன்று மட்டும் பளபளப்பு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கொப்புளம் வந்த பெல்ட்டுகளைக் கொப்புளம் இல்லாத இடத்தில் உரித்துப் பார்த்தால் பிடிப்பு அருமையாக இருக்கிறது, துணியே கிழிகிறது. பிரிந்து வந்த பெல்ட்டிலோ ஒரு கொப்புளம்கூட இல்லை.

மூத்த உருளை | கார்த்திகை 12

மன்னிக்கவும் அம்மா. பெயரைப் பார்த்து எழுதிவிட்டேன்.

துணி வெள்ளையாக வருகிறது என்றால் என் கந்தகக் கட்சி கொஞ்சம் தளர்கிறது. ஆனாலும் விடமாட்டேன். எங்கள் ஆலையில் ஒருமுறை இரண்டு மாதம் ஆட்டிப்படைத்தது இதுதான். கரையாக் கந்தகம் போட்டுத்தான் காம்பவுண்டு கலந்தோம். அது ரப்பரில் கரையாமல் நிற்பதால் மேலே பூக்காது. ஆனால் 105, 110 டிகிரியைத் தாண்டினால் அது சாதாரணக் கந்தகமாக மாறிவிடும். ரப்பரைப் பிசையும் உருளை மில்லில் ஒருவர் அவசரமாக இறுக்கி ஓட்டிச் சூடேற்றிவிட்டார். மாறிய கந்தகம் சூட்டில் கரைந்து, ஆறியதும் வெளியே வந்து மாவு பூசியது போலப் படிந்தது. ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க லைனர் துணியில் சுற்றி வைத்த பிளை இரண்டே நாளில் பசை இழந்தது. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் காகிதம் போல நழுவியது.

உங்கள் சூடேற்றும் மில்லில் ரப்பரின் சூட்டை ஊசி வெப்பமானியால் குத்திப் பார்த்ததுண்டா? உருளைச் சூட்டைச் சொல்லவில்லை, ரப்பரின் சூட்டைச் சொல்கிறேன். இரண்டும் வேறு.

ஆய்வுக்கூடம் மதுரை | கார்த்திகை 12

ஐயா சொல்வது நடக்கக்கூடியது, சோதிப்பதும் எளிது. பிளையின் ஒரு பாதியைக் கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட்டு, துடைத்தவற்றை ஒன்றாகவும் துடைக்காதவற்றை ஒன்றாகவும் அழுத்தி இழுத்துப் பாருங்கள். துடைத்தது மட்டும் ஒட்டினால் பூப்பு. இரண்டும் ஒரேபோல் ஒட்டினால் பூப்பு இல்லை.

காம்பவுண்டில் எடைப் பிழை இருக்கிறதா என்பதற்கு ஒப்படர்த்தி. மூனி எந்திரம் இல்லாத இடத்தில் இதைவிடப் பயனுள்ள சோதனை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு கலவையிலும் ஒரு சிறு துண்டைக் க்யூர் செய்து காற்றில் எடை போடுங்கள். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போடுங்கள். காற்று எடையை, இரண்டு எடைகளின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும். 10 கிராம் துண்டு தண்ணீரில் 1.3 கிராம் காட்டினால் 10-ஐ 8.7-ஆல் வகுத்து 1.15. நாள்தோறும் இந்த எண் நிலையாக இருந்தால் கார்பன் கறுப்பும் நிரப்பியும் சரியாக விழுந்திருக்கின்றன. கலப்பவர் ஒரு பொட்டலத்தை மறந்தால் அன்றே தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கந்தகமும், க்யூரை விரைவுபடுத்தும் ஆக்சிலரேட்டரும் அளவில் சிறியவை, அவை விட்டுப்போனால் ஒப்படர்த்தியில் தெரியாது. அதற்குக் க்யூர் ஆன துண்டின் கடினத்தைப் பார்க்க வேண்டும்.

கொப்புளத்துக்கு வருகிறேன். ஐந்தில் சொரசொரப்பு என்றால், க்யூர் ஆகி முடிந்து பிரஸ் திறக்கும் கணத்தில் பிளந்திருக்கிறது. எனக்கு இது காற்றாகத் தோன்றவில்லை, தண்ணீராகத் தோன்றுகிறது. 145 டிகிரியில் நீராவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. பிரஸ் மூடியிருக்கும்வரை பிரஸ்ஸின் அழுத்தம் அதை அடக்கி வைக்கும். திறந்தவுடன் தடை போய்விடுகிறது, உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாக விரிந்து பிளையைப் பிளக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1.7 லிட்டர் இடம் கேட்கும். கான்வாஸை எப்படி உலர்த்துகிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள்?

தறி வீடு | கார்த்திகை 13

எனக்கு ரப்பர் தெரியாது. காரைக்குடியில் கண்டாங்கி நெய்யும் வீடு எங்களுடையது. 2019-இல் எங்கள் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மழைக்காலத்துத் துணி என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்கா, பருத்தி காற்றைக் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நூல் கட்டு வாங்கினால் அதே நீளத்துக்கு எடை கூட நிற்கும். அப்பா எப்போதும் சொல்வார், இந்த மாதத்தில் தண்ணீரையும் நூல் விலைக்கு வாங்குகிறோம் என்று. வணிகத்தில் பருத்தி நூலுக்கு 8.5 விழுக்காடு ஈரம் அனுமதித்துத்தான் எடைக் கணக்கே. அடைமழை நாளில் அது 12-ஐத் தொடும். எங்களுக்குப் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழை) காயாது, கஞ்சி போட்ட இழை பிசுபிசுக்கும். அந்த நாட்களில் தறியில் உட்காரும்போதே கைக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, கஞ்சி. உங்கள் கான்வாஸில் கஞ்சி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே? கனமான கான்வாஸைப் பல இழை சேர்த்து முறுக்கிய நூலில் நெய்தால் பாவுக்குக் கஞ்சி தேவையில்லை, முறுக்கே தாங்கும். ஒற்றை இழை நூலை இரட்டையாகப் போட்டு நெய்யும் கான்வாஸும் சந்தையில் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அவுன்ஸும் ஒன்றாகவே நிற்கும். ஆனால் ஒற்றை இழைக்குக் கஞ்சி போடாமல் தறி ஓடாது. கஞ்சி காய்ந்த இழை வழவழவென்று மூடிக்கொள்ளும். அதன்மேல் எங்கள் சாயமே ஏறாது, உங்கள் ரப்பர் எப்படி ஏறும்?

பாவு இழை ஒன்றை உருவி முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு மூன்று இழையாகப் பிரிகிறதா, ஒற்றையாகவே பஞ்சாகிறதா? பிறகு மருந்துக் கடையில் டிங்சர் அயோடின் வாங்கித் தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு விடுங்கள். கஞ்சி இருந்தால் நீலக் கறுப்பாக மாறும். வெறும் தண்ணீரையும் ஒரு சொட்டு விடுங்கள். முத்துப்போல நிற்கிறதா, உடனே உறிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

மூத்த உருளை | கார்த்திகை 13

தறி வீட்டுப் பிள்ளைக்கு வணக்கம். முப்பத்தொரு ஆண்டில் அயோடின் சொட்டு விட்டதே இல்லை நான். பெரிய ஆலையில் துணி சோதித்து வரும், எங்கள் முன் வரும்போது சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டை நம்பி வேலை செய்த கை இது. சின்ன தொழிற்கூடத்தில் அந்தச் சீட்டை எழுதுவதற்கே ஆள் இல்லை என்பதை மறந்துவிட்டுத்தான் இங்கே காலண்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

காரைக்குடி மாணவன் | கார்த்திகை 13

இடையே நுழைவதற்கு மன்னிக்கவும். பயிற்சிக்குப் போகும் இடத்தில் ஸ்கிம் தாள் நடுவில் பருத்தும் ஓரத்தில் மெலிந்தும் வருகிறது. உருளை இடைவெளி இரு பக்கமும் சரியாகவே வைத்திருக்கிறார்கள். ஏன்?

மூத்த உருளை | கார்த்திகை 13

ரப்பர் உருளைகளை விலக்கித் தள்ளுகிறது தம்பி. இரும்பு உருளையும் நடுவில் இம்மியளவு வளையும். அதை ஈடுகட்டத்தான் உருளையின் நடுவைச் சற்றுப் பருமனாகச் சாணை பிடித்திருப்பார்கள். அந்தப் பருமன் ஒரு குறிப்பிட்ட காம்பவுண்டுக்கு, ஒரு குறிப்பிட்ட கனத்துக்குப் பொருந்துவது. காம்பவுண்டு விறைப்பாகிவிட்டால் அல்லது சூடு ஆறி வந்தால் தள்ளும் விசை கூடி நடு பருக்கும். ஆகவே திருகைத் தொடுமுன் மில்லிலிருந்து வரும் ரப்பரின் சூட்டைப் பார். மைக்ரோமீட்டரை இடம், நடு, வலம் என்று மூன்று இடத்தில் வை. பூசிய துணியானால் மைக்ரோமீட்டர் ஏமாற்றும், 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டி எடை போடு. அதை நூறால் பெருக்கினால் சதுர மீட்டர் எடை.

கோட்டையூர் தரம் | கார்த்திகை 16

மூன்று நாள் மழை விடவில்லை. அது எனக்கு உதவியாகவே இருந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கரைப்பான் சோதனை: துடைத்ததும் துடைக்காததும் ஒரேபோல் ஒட்டின. மில்லில் ரப்பரின் சூடு 88 டிகிரி. கந்தகம் பூக்கவில்லை.

கான்வாஸ் எங்கே வைக்கிறோம் என்று கேட்டீர்கள். தொழிற்கூடத்தில் இடம் போதாமல் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மலேயாவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தின் வீடு. இப்போது யாரும் குடியிருக்கவில்லை. வளவு என்று சொல்லும் உள்கட்டைச் சுற்றிய தாழ்வாரத்தில் கான்வாஸ் உருளைகளை அடுக்கியிருக்கிறோம். நடுவில் வானம் பார்த்த முற்றம். கோடையில் அந்த வீடு போலக் குளிர்ச்சியான இடம் கிடையாது. மழை நாளில் நான்கு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில்தான் கொட்டுகிறது. சாரல் துணிமேல் படவில்லை என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன். துணி ஈரக் காற்றை மூச்சுபோல இழுத்துக்கொண்டிருந்ததை நான் நினைக்கவே இல்லை.

நகைக் கடைக்காரர் ஒருவரிடம் நூறில் ஒரு கிராம் காட்டும் தராசு இரவல் வாங்கினேன். 20 கிராம் துண்டுகளை 105 டிகிரி அடுப்பில், எடை இறங்குவது நிற்கும்வரை வைத்தேன். வளவிலிருந்து எடுத்த துணி 17.8 கிராமாக இறங்கியது. கொதிகலன் கொட்டகைக்குப் பக்கத்தில் கிடந்த உருளையின் துணி 18.9.

உலர்த்தும் டிரம் வழியாக ஓட்டிய உடனே எடுத்த துண்டு 19.6. நன்றாகவே காய்கிறது. ஆனால் எங்கள் பழக்கம் என்ன தெரியுமா? மாலையில் டிரம்மில் ஓட்டிச் சுற்றி வைத்து, மறுநாள் காலையில் காலண்டரில் ஏற்றுவது. கோடையில் இதனால் எந்தத் தீங்கும் வந்ததில்லை. அந்த உருளையின் வெளிச்சுற்றை மறுநாள் காலை எடை போட்டேன். 18.5.

ஆய்வுக்கூடம் மதுரை | கார்த்திகை 16

அருமையான வேலை. கணக்கில் ஒரு தெளிவு: நீங்கள் ஈர எடையால் வகுத்தால் வளவுத் துணி 11 விழுக்காடு. நூல் வணிகத்தில் சொல்லும் 8.5 உலர் எடையால் வகுப்பது. அப்படிப் பார்த்தால் உங்களுடையது 12.4. தறி வீடு சொன்ன எண்ணுக்கு மிக அருகில் வருகிறது. எந்தக் கணக்கு என்பதைப் பதிவேட்டில் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்களையே குழப்பும்.

டிரம்மிலிருந்து வந்தபோது 2 விழுக்காடு, காலையில் 7.5. கிலோவுக்கு 55 கிராமுக்கு மேல் தண்ணீர் ஓரிரவில் ஏறியிருக்கிறது. ஆவியானால் அது 90 லிட்டருக்கு மேல். சூடான காலண்டரில் ஒரு பகுதி போகும், ஆனால் இரு முகமும் ரப்பர் மூடிய பிறகு மீதிக்கு வழியே இல்லை.

கோட்டையூர் தரம் | கார்த்திகை 17

அயோடின் சோதனை இன்று காலைதான் முடிந்தது. கையிருப்பில் பழைய வரத்து, புதிய வரத்து என்று இரண்டு இருந்தன. பழையதில் அயோடின் மஞ்சள் பழுப்பாகவே நின்றது. புதியதில் தொட்ட இடமெல்லாம் நீலக் கறுப்பு. இழையை உருவிப் பிரித்தேன். பழையது மூன்றிழை முறுக்கு. புதியது ஒற்றை. வாங்கும் சீட்டில் அவுன்ஸும் அகலமும் மட்டும் எழுதியிருக்கிறோம், முறுக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. அனுப்பியவர் மேல் வழக்குத் தொடுக்க முடியாது, நாங்கள் கேட்டதைத்தான் அனுப்பியிருக்கிறார்.

திரும்பி வந்த பெல்ட்டின் எண்ணைப் பார்த்தேன். புதிய வரத்து. கொப்புளம் வந்தவை எல்லாம் பழைய வரத்து, இரவு முழுக்கக் காத்திருந்து ஓட்டியவை. இரண்டு நோய், இரண்டு காரணம். ஒன்றாக வந்ததால் ஒரே மனிதர் மேல் பழி விழுந்தது.

பதிவேட்டை முதலாளி மேசைமேல் வைத்தேன். நீலம் பட்ட துணித் துண்டையும் பக்கத்தில் வைத்தேன். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு காலண்டர் ஓட்டுபவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் அந்த அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

புதுவயல் அரவை | கார்த்திகை 17

குறையைத் தானாக ஒப்புக்கொள்ளும் இடத்தில் வாங்க எனக்குத் தயக்கம் இல்லை. இனி நைலானுக்கு மாறிவிட்டால் இந்த ஈரத் தொல்லையே இருக்காதே, ஏன் மாறவில்லை?

ஆய்வுக்கூடம் மதுரை | கார்த்திகை 17

நைலான் ஈரம் குறைவாகத்தான் எடுக்கும், 4 விழுக்காடு அளவில். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் பருத்தி இழையில் பஞ்சு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும், ரப்பர் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். நைலான் வழுவழுப்பு. ரிசார்சினால், ஃபார்மால்டிஹைடு, லேட்டக்ஸ் கரைசலில் தோய்த்து வந்தால்தான் ஒட்டும். தோய்த்த துணி வெயிலையும் ஓசோனையும் ஈரத்தையும் தாங்காது, கறுப்புப் பாலித்தீனில் மூடியே வைக்க வேண்டும். வளவுத் தாழ்வாரத்தில் திறந்து போட்டால் அதுவும் கெடும்.

மூத்த உருளை | கார்த்திகை 18

அம்மா, கந்தகம் என்று நான் பிடித்த பிடி தவறு. எழுதி வைத்துவிடுகிறேன், பின்னால் படிப்பவர் என்னைப் பார்த்து அதே வழியில் போக வேண்டாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஈரம் பார்க்கிறேன் என்று யாராவது ஓடும் காலண்டருக்குள் நுழையும் துணியைக் கையால் தொட ஆரம்பிப்பார்கள். என் கண் முன்னால் ஒருவருடைய நான்கு விரல்கள் போயின. அவர் துணியின் மடிப்பை நீவத்தான் கையை நீட்டினார். பூசிய துணி கையோடு ஒட்டிக்கொண்டு இழுத்தது. துண்டு வெட்டுவது டிரம்முக்குப் பின்னால், உருளை நின்ற பிறகு. வேலை தொடங்குமுன் நாள்தோறும் எந்திரத்தை வெறுமனே ஓட்டி, அவசரத்துக்கு நிறுத்தும் கம்பியைத் தட்டி, உருளை எத்தனை தூரம் சுற்றி நிற்கிறது என்று பாருங்கள். இதைத் தரப் பதிவேட்டிலேயே ஒரு கட்டமாகச் சேருங்கள், அப்போதுதான் விட்டுப்போகாது.

கோட்டையூர் தரம் | தை 6

சேர்த்துவிட்டேன் ஐயா. முதல் கட்டமே அதுதான்.

மார்கழி முழுக்கச் சோதித்து முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். இப்போது கான்வாஸ் வந்து இறங்கும்போதே வண்டியடியில் அயோடின் சொட்டு, தண்ணீர்ச் சொட்டு, இழைப் பிரிப்பு. வாங்கும் சீட்டில் "மூன்றிழை முறுக்கு, கஞ்சி இல்லாதது" என்று எழுதுகிறோம். டிரம்மையும் காலண்டரையும் ஒரே ஓட்டமாக இணைக்க வசதியில்லை. அதனால் உலர்த்திய உருளையைச் சூடு ஆறுமுன் பாலித்தீனில் சுற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஏற்றுகிறோம். ஓட்டுமுன் 3 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் மீண்டும் டிரம்முக்கு. காலண்டர் ஓட்டுபவர்தான் துண்டு வெட்டித் தராசில் வைத்துப் பதிவேட்டில் எழுதுகிறார்.

பிடிப்பைப் பார்க்க எந்திரம் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. 25 மி.மீ. அகலத் துண்டு வெட்டி, பிளையைக் கொஞ்சம் உரித்து, ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. உரிகிறது என்று அளக்கிறோம். கஞ்சித் துணியில் 5 கிலோவுக்கே சரசரவென்று உரிந்தது. இப்போதைய பெல்ட்டில் 12 கிலோவுக்கு நகரவே இல்லை. இரண்டு துண்டுகளை மதுரை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன், ஐ.எஸ். 3400 எனும் இந்தியத் தர முறையில் பார்த்துச் சொல்வதாக இருக்கிறார்கள்.

மார்கழியில் க்யூர் செய்த எதிலும் சொரசொரத்த கொப்புளம் இல்லை. பளபளத்த கொப்புளம் மட்டும் இரண்டு வந்தன. அது காற்று. ஸ்கிம்மை ஒரே ஓட்டத்தில் கனமாக ஏற்றியதால் என்று நினைக்கிறேன். இரண்டு மெல்லிய ஓட்டமாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

புதுவயல் அரவை | தை 9

உங்கள் புதிய பெல்ட் என் அவியல் எலிவேட்டரில் மார்கழி 8-இல் ஏறியது. நேற்று நிறுத்தி விளக்கடித்துப் பார்த்தேன். நடுவில் எங்கும் பிரிவு இல்லை. தலைப்புறத்திலிருந்து ஏழாவது வாளியின் போல்ட் துளையில் மட்டும் துணி நார் எட்டிப் பார்க்கிறது. துளை போட்ட பஞ்ச் உளி மழுங்கியிருந்ததால் வந்ததா என்று தெரியவில்லை. சனிக்கிழமை ஆலைக்கு வர முடியுமா? உங்கள் கைக்கண்ணாடியையும் எடுத்து வாருங்கள்.

கோட்டையூர் தரம் | தை 9

வருகிறேன் அண்ணா. காலண்டர் ஓட்டுபவரையும் அழைத்து வருகிறேன். தான் ஓட்டிய பெல்ட் ஓடுவதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம்.